பழைய வீட்டை இடிக்குமுன்: கொல்லிமலை வீடுகளைப் பற்றிய சில விவரங்கள்

கையிற் சிறிது பணம் சேர்ந்தவுடன், அல்லது சர்க்காரின் வீட்டு உதவித் தொகைக்கு உத்தரவு கிடைத்தவுடன், நமது அங்கத்தினர்களிற் பலர் முதற் காரியமாகச் செய்வது பழைய வீட்டை இடிப்பதேயாகும். மண் சுவரும் புல் கூரையும் வறுமையின் அடையாளம் என்றும், கான்கிரீட் தளம் போட்ட சதுர வீடே முன்னேற்றத்தின் அடையாளம் என்றும் ஓர் எண்ணம் கிராமங்களில் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணத்தில் உண்மை சிறிதுமில்லை என்று கூறுதல் நியாயமாகாது. கூரை பற்றியெரிந்து, தானியமும் துணிமணியும் நிலப் பத்திரமும் ஒரே இரவில் இழந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் ஒரு வீடு எவ்விடத்தில் நிற்கிறது, எத்தகைய குளிரையும் மழையையும் தாங்கவேண்டும், அதில் வசிப்போர் செய்யும் தொழில் யாது என்பவற்றை ஆராயாமல் இடிப்பதும் கட்டுவதும் பெருநஷ்டத்தில் முடியும். இதற்குக் கொல்லிமலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சமவெளியில் பல வருஷங்கள் மறைந்திருக்கும் கட்டடப் பிழைகள் மலையின்மேல் இரண்டொரு மழைக்காலத்திலேயே வெளிப்பட்டுவிடுமாதலால், இவ்விவரங்கள் சமவெளி அங்கத்தினர்களுக்கும் பயன்படும்.

கொல்லிமலை 1997 ஆம் வருஷம் வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, அவ்வருஷம் புதிதாக ஏற்பட்ட நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திற்குமேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ளது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு முதலாக 14 நாடுகளாகப் பிரிந்துள்ள இம்மலையில் வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த இப்பெயரைக் கேட்டு, அவர்களைக் கேரள தேசத்தார் என்று கருதும் பிழை இன்றும் ஒழிந்தபாடில்லை. அவர்கள் பேசுவது தமிழே. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிமெண்டு மூட்டை, இரும்புக் கம்பி, சூளைச் செங்கல், சீமை ஓடு யாவும் இந்த 70 வளைவுகளையும் கடந்தே வரவேண்டும். சாலை முடியுமிடத்திலிருந்து குக்கிராமம் வரையில் தலைச்சுமையாக ஏற்றவேண்டிய தூரம் வேறு. அடிவாரத்தில் ஒரு விலை, மேலே வந்ததும் மற்றொரு விலை என்பதை வீடு கட்டினவர்கள் யாவரும் அறிவார்கள்.

பழைய மலை வீடு எவ்வாறு அமைந்தது என்பதை முதலிற் கவனிப்போம். நிலத்தில் மரக்கால்கள் நட்டு, அவற்றின் நடுவே மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த தட்டிகளைக் கட்டி, இருபுறமும் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார்கள். மேலே மூங்கிற் கைமரங்களின்மீது மலைப்புல்லைக் கற்றை கற்றையாக அடுக்கிச் செங்குத்தான சரிவுடன் கூரை வேய்வார்கள். இறவாணம் சுவருக்கு வெளியே வெகுதூரம் தாழ்ந்து நிற்கும். உள்ளே அடுப்புக்கு மேலாக ஒரு பரண். சாமை, தினை, ராகி ஆகிய தானியங்களும் அடுத்த வருஷத்து விதையும் அங்கே இருக்கும். முற்றத்தை ஒட்டித் திண்ணை.

இவ்வமைப்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு. தாழ்ந்த இறவாணம் சாரல் மண் சுவரைத் தொடாமற் காக்கிறது. தடித்த புல் கூரையினுள்ளே அடைபட்ட காற்று, மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரை உள்ளே விடாமலும், அடுப்பின் வெப்பத்தை வெளியே விடாமலும் தடுக்கிறது. மண் சுவர், காற்றில் ஈரம் மிகுந்தபோது அதனை உறிஞ்சியும், காற்று உலர்ந்தபோது வெளிவிட்டும் அறையைச் சமநிலையில் வைக்கிறது. எல்லாவற்றிலும் வியக்கத்தக்கது அடுப்புப் புகையின் வேலையே. அது பரணில் உள்ள தானியத்தை உலர்த்துகிறது. வண்டு அணுகாமற் செய்கிறது. மூங்கிலையும் புல்லையும் புகையேற்றிப் பதப்படுத்தி, உளுப்பூச்சியும் கரையானும் எளிதில் தொடாதபடி காக்கிறது. சமையலறை, களஞ்சியம், குளிர்காய் இடம், கூரைக்கு மருந்து என நான்கு காரியங்களை ஒரே அடுப்பு நடத்துகிறது. எஞ்சினீயர் ஒருவரும் வகுத்துக் கொடாத இந்த ஏற்பாட்டுக்கு ஈடான ஒன்றை அதே செலவில் இன்றைக்கும் அமைத்துத் தருதல் எளிதன்று.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. அதே புகைதான் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. தவழும் குழந்தையும் அதையே சுவாசிக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. பள்ளிப் பிள்ளை விளக்கின்றிப் படிக்க இயலாது. சுவரின் அடிப்பாகம் தரையோடு தரையாக இருப்பதால் ஈரம் ஏறிக் கால்கள் மக்கிப்போகின்றன. நெருப்புப் பயம் எப்பொழுதும் உண்டு. இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால், சாமையும் ராகியும் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. பரணில் ஏற்றவேண்டிய தானியம் குறைந்தது. கையிற் பணப் புழக்கம் வந்தது. இரண்டொரு வருஷத்திற்கு ஒருமுறை ஊர் கூடிப் புல் அறுத்துக் கூரை மாற்றும் வழக்கமும் தளர்ந்தது. ஆட்கூலி கொடுத்துப் புல் வேய்வதானால் அது ஏழையின் கூரையல்ல, செல்வரின் கூரையாகிவிடுகிறது. ஆகவே மக்கள் ஓட்டையும் தகரத்தையும் தளத்தையும் நாடியதற்கு அவர்களைக் குறை கூற இயலாது.

இனி, புதிய வீட்டைப் பார்ப்போம். 1985 ஆம் வருஷம் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதல் வீட்டு உதவித் திட்டங்கள் பல வந்துள்ளன. 2016 ஆம் வருஷத்தில் அதற்குப் பதிலாக ஏற்பட்ட பிரதம மந்திரியின் ஊரக வீட்டுத் திட்டத்தில், சமையலிடம் உள்பட வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி என்று விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2011 ஆம் வருஷத்தில் தொடங்கிய பசுமை வீடுகள் 300 சதுர அடி அளவுள்ளவை. சூரிய ஒளியால் எரியும் விளக்குகளும் அவற்றுடன் அளிக்கப்பட்டன. 2024 ஆம் வருஷம் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு ரூ. 3,50,000 என நிர்ணயிக்கப்பட்டது. அதிற் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்றுண்டு: 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமும், எஞ்சிய 60 சதுர அடிக்கு ஓடு முதலிய தீப்பிடிக்காத வேறு கூரையும் அமைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அந்த 60 சதுர அடியைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

நாலங்குலக் கான்கிரீட் தளம் சமவெளியில் வெயிலை உள்ளே இறக்குவதுபோல, மலையில் குளிரை உள்ளே இறக்குகிறது. இரவில் தளம் குளிர்ந்துவிட, விடியற்காலத்தில் உள்ளே அடுப்பெரிக்கும்போது எழும் நீராவியும் மூச்சுக் காற்றின் ஈரமும் அக்குளிர்ந்த தளத்திற் பட்டு நீராக மாறிச் சொட்டுகின்றன. தளம் ஒழுகுகிறது என்று எண்ணி மேலே மீண்டும் சிமெண்டு பூசிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு. ஒழுக்கு மேலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வருகிறது. தகரத்திற்கு இது இன்னும் அதிகம். கல்நார் சிமெண்டுத் தகடும் அவ்வாறே. அன்றியும் கல்நாரின் தூசி நுரையீரலிற் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளதால், அத்தகட்டை வீட்டு முற்றத்தில் அறுப்பதும் உடைப்பதும் ஆபத்தான செயல்.

மற்றொன்று. சிக்கனம் கருதி இறவாணமின்றித் தளத்தைச் சுவரோடு நிறுத்திவிடுகிறார்கள். சாரல் முழுவதும் சுவரில் அடித்து, பூச்சு உப்பி விழுகிறது. பரணுக்கு இடமில்லை. திண்ணை இல்லை. சமையல் அறை என்று குறித்த மூலையில் விறகெரித்தாற் புகை போக வழியில்லை. ஆகவே குடும்பத்தலைவி சில மாதங்களில் வீட்டின் பின்புறம் ஒரு சாய்ப்புக் கட்டி அங்கே அடுப்பை மாற்றுகிறாள். குளிர்காலத்தில் எல்லோரும் அந்தச் சாய்ப்பிலேயே கூடுகிறார்கள். சர்க்கார் பணத்திற் கட்டின அறை மூட்டை அடுக்கும் இடமாகிறது. இஃது அந்தப் பெண்களின் பழமைப் பற்று என்று சிலர் கூறுவர். அவர்கள் அடுப்பைக் கொண்டுபோனது வீட்டின் வெப்பமான இடத்தை உண்டாக்கிக்கொள்ளவே என்பது எமது அபிப்பிராயம்.

தொழிற்சாலையில் ஆயத்தமாகச் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடுகளைப் பற்றியும் இப்பொழுது விளம்பரங்கள் மிகுந்துள்ளன. இம்முயற்சி நம் தேசத்திற்குப் புதிதன்று. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கு விரைவில் வீடு அமைக்கும் பொருட்டு, 1948 ஆம் வருஷத்தையொட்டி டில்லியில் சர்க்கார் வீட்டுத் தொழிற்சாலை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. மைசூர் சமஸ்தானத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவரும் ஜெர்மனியிற் பிறந்தவருமான ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்பவர் அத்திட்டத்தை வகுத்தார். நுரைக் கான்கிரீட்டினாற் செய்த பெரிய பலகைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து நிறுத்தினால் வீடு முடிந்துவிடும் என்பது ஏற்பாடு. பலகைகளில் விரிசல் கண்டது. எதிர்பார்த்த அளவில் வீடுகள் எழவில்லை. பார்லிமெண்டில் கண்டனங்கள் எழுந்தன. 1951 இல் கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டுச் சென்றார். அத்தொழிற்சாலை 1953 இல் இந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலை என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, பின்னர் வேறு கட்டட உறுப்புகளைச் செய்து பிழைத்துக்கொண்டது. எண்ணம் பழுதானதன்று. பரீட்சித்துப் பாராத பொருளைப் பெருந்திரளாகச் செய்ய முற்பட்டதும், எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் ஒரே பலகை போதும் என்று கருதியதுமே இடையூறுகள். எழுபது வளைவுகளில் நீண்ட பாரவண்டி திரும்ப இடமில்லாத கொல்லிமலைக்கு, சமவெளித் தொழிற்சாலையின் முழுச்சுவர்ப் பலகை உகந்ததாகாது.

ஆனாற் சிந்தித்துப் பார்த்தால், மலையாளியின் மூங்கில் தட்டியே ஆயத்த வீட்டுப் பலகைதான். தரையில் உட்கார்ந்து முடைந்து, தூக்கி நிறுத்திக் கட்டி, அண்டை வீட்டார் கூடிச் சில நாட்களில் முடிக்கும் வீடு அது. அதனை இன்றைய அறிவைக்கொண்டு திருத்துவதே லாபகரமான மார்க்கம். மூங்கிலுக்கு விரோதி அதனுள் உள்ள மாச்சத்து. உளுப்பூச்சி அதைத் தேடியே வருகிறது. முதிர்ந்த மூங்கிலை வறண்ட காலத்தில் வெட்டி, ஓடும் நீரிற் சில வாரங்கள் ஊறவைப்பது பழைய முறை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்து, 100 பங்கு நீருக்கு 5 பங்கு வீதம் கரைத்த நீரிற் பிளாச்சுகளை ஊறவைப்பது புது முறை. இம்மருந்து விலை குறைந்தது. ஆனால் நீரிற் கரைந்து வெளியேறக்கூடியதாகையால், மழை நேரே படும் இடத்து மூங்கிலுக்கு உதவாது. சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழும் இருக்கும் மூங்கிலுக்கே ஏற்றது. அடுப்புப் புகையை வெளியேற்றத் தீர்மானித்தவர்கள் இதனை அவசியம் செய்யவேண்டும். புகையை நிறுத்திவிட்டு மருந்தையும் போடாவிட்டால், சில வருஷங்களில் கூரை மூங்கில் மாவாக உதிர்ந்துவிடும். புகையில்லா அடுப்பு வைத்த வீட்டில் பூச்சி மிகுந்தது என்று சொல்லப்படும் குறையின் காரணம் இதுவே.

மூங்கில் எடுக்க வனத்துறையினர் தடை செய்வார்களே என்ற கேள்வி எழலாம். 2006 ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில், சிறு வன விளைபொருள் என்பதனுள் மூங்கிலும் சேர்க்கப்பட்டுள்ளது. கிராம சபையின் மூலம் சமூக உரிமை பெற்ற ஊரார் அதனைச் சேகரித்துப் பயன்படுத்தலாம். உரிமை கோரி மனுச் செய்யாத ஊர்கள் முதலில் அதனைச் செய்தல் நலம். மரத்திற்குத் தூரம் செல்லவேண்டுவதில்லை. மிளகுக் கொடி ஏற்றுவதற்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் கைமரத்திற்கும், பலா மரம் கதவு நிலைக்கும் உதவும். தம் சொந்தப் பட்டாவில் வளர்த்த மரமாயினும் வெட்டுவதற்குமுன் உத்தரவு தேவையா என்று தாலுகா ஆபீசில் விசாரித்துக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

செப்பனிடும் வேலையைச் சுவரின் அடியிலிருந்தே தொடங்கவேண்டும். கூரை நன்றாயிருந்தும் வீடு விழுவது அடிச்சுவர் ஈரத்தாலேயே. மலையிற் கருங்கல்லுக்குக் குறைவில்லை. வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்திற்குக் கல் வரிசை கட்டி, மரக்கால்களின் மக்கின அடிப்பகுதியை அறுத்துவிட்டு, அக்கல்லின்மேல் அவற்றை நிறுத்துக. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைநீர் சுவரண்டை தேங்காதபடி இரண்டடி தள்ளி ஒரு வடிகால் வெட்டுக. மண் பூச்சுக்கு மேல், மழை படும் பக்கத்தில், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த கரையா மண் பூச்சைப் பூசலாம். தாரை மண்ணெண்ணெயில் இளக்கி, வைக்கோல் கலந்த களிமண்ணோடு சேர்த்துப் பூசுவது அம்முறை. கலக்கும்போது அருகில் நெருப்பு ஆகாது. சிமெண்டுப் பூச்சை மண் சுவரின்மேல் ஏற்றுவோர் பலர். இரண்டும் ஒட்டுவதில்லை, நடுவே ஈரம் தங்கிச் சுவர் உள்ளுக்குள்ளே கெட்டுப்போகும். செலவழித்துச் சுவரைக் கொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

புல்லை நீக்கி ஓடு போட விரும்புவோர் எடையை முதலிற் கணக்கிடவேண்டும். 1865 ஆம் வருஷத்தில் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய சீமை ஓட்டில், 100 சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 150 ஓடுகள் செல்லும். ஓடொன்று சுமார் 2½ கிலோ நிறை. 300 சதுர அடிக் கூரையானால் ஓடு மாத்திரம் ஒரு டன்னுக்கு மேற்படும். மழையில் நனைந்த ஓடு இன்னும் கனக்கும். மூங்கிற் கால்களும் தட்டிச் சுவரும் இப்பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்தவையல்ல. ஆதலால் பழைய சுவரைத் தொடாமல், அதற்கு வெளியே கல் அல்லது கான்கிரீட் கால்கள் நிறுத்தி, ஓட்டுக் கூரையின் பாரத்தை அவற்றின்மேல் ஏற்றவேண்டும். அவ்வாறு கால்களைச் சுவருக்கு மூன்றடி தள்ளி வைத்தால், செலவின்றியே ஒரு தாழ்வாரமும் கிடைக்கும். சாரலும் சுவரைத் தொடாது. ஓட்டுக்குக் கீழே பிளாச்சுத் தட்டி பரப்பி மெல்லிய மண் பூசிவிட்டாற் குளிர் தடைபடும். வெளிச்சத்திற்காக இரண்டு கண்ணாடி ஓடுகளை வடக்குச் சரிவிற் பொருத்துவது நலம்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் எஸ். பி. ராஜு என்பவர் ஹைதராபாத்தில் புகையில்லாச் சமையலறையைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி 1953 இல் சென்னையிற் புத்தகமாக வெளிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ விதமான அடுப்புகள் வந்துவிட்டன. சமையல் வாயு இணைப்பும் அநேக வீடுகளுக்கு வந்துள்ளது. எனினும் உருளையை மலைமேல் ஏற்றும் செலவு காரணமாக விறகு அறவே நின்றுவிடவில்லை. புகைபோக்கியைப் பரணின் ஓரமாக ஏற்றிவிட்டால், புகை வெளியேறும். குழாயின் சூடு மாத்திரம் தானியத்தை உலர்த்தும். குழாய்க்கும் மூங்கிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியும், கூரையைக் கடக்கும் இடத்தில் மண் அல்லது செங்கல் உறையும் இன்றியமையாதவை.

சர்க்கார் உதவியுடன் புதிதாகக் கட்டியே தீரவேண்டியவர்களுக்கும் மேற்கூறியவை பொருந்தும். பழைய வீடு நிற்கும் இடத்தைவிட்டு அதன் பக்கத்திற் புது அறையை எழுப்ப விதிகள் அனுமதிக்குமா என்று உத்தரவு வாங்கும்போதே கேட்டறிக. முற்கூறிய 60 சதுர அடியை ஓட்டுக் கூரையுள்ள சமையலறையாக அமைத்தால், அடுப்பும் பரணும் குளிர்காய் இடமும் வீட்டுக்குள்ளேயே அமைந்துவிடும்; பின்புறச் சாய்ப்பு தேவைப்படாது. லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1948 முதல் 1963 வரை இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகரில் வசித்து, அங்குள்ள மலைவாசிகள் கல்லையும் மரத்தையும் கையாளும் விதத்தைக் கண்டே தாம் கட்டடத் தொழிலை மீண்டும் கற்றதாகக் கூறினார். பின்பு கேரளத்தில் குடியேறி, 2007 இல் காலமாகும் வரை, சிக்கன வீடுகள் ஏராளமாகக் கட்டினார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்களைக் குத்துயரமாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதாற் செங்கல் ஏறக்குறைய காற்பங்கு குறையும். அடைபட்ட காற்றுக் குளிரையும் தடுக்கும். தளத்தின் அடிப்பாகத்தில் வேலையின்றிக் கிடக்கும் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய ஓடுகளைப் பதித்துப் போடும் நிரப்புத் தளமும் அவர் கையாண்டதே. செங்கல்லில் நாலில் ஒரு பங்கு குறைவதன் மதிப்பை, 70 வளைவுகளுக்கு வண்டிக் கூலி கொடுத்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சங்கம் செய்யவேண்டியது யாது? கொல்லிமலையில் மலைவாசிகளுக்கென அமைந்த பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. உரமும் விதையும் மொத்தமாக வாங்குவதுபோல ஓடும் சிமெண்டும் வெண்காரமும் மொத்தமாக வாங்கி, ஒரே வண்டியில் ஏற்றுவதைச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளலாம். மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு கலந்து அழுத்திச் சுடாத கல் செய்யும் கைப்பொறி, புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மண் கட்டட நிலையத்தாராற் பயிற்சியுடன் பரப்பப்படுகிறது. தனிக் குடும்பம் அதை வாங்குவது வீண். ஐம்பது அங்கத்தினர் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். எல்லா மண்ணும் இதற்கு ஆகாதாகையால், பொறி வாங்குமுன் மண்ணைப் பரீட்சித்தல் வேண்டும்.

கடன் விஷயத்திற் கண்டிப்பு அவசியம். சர்க்கார் உதவி ஒரே தவணையில் வருவதன்று. கடைக்கால், நிலைமட்டம், தளம் என வேலை ஏற ஏறவே பணம் வரும். 300 சதுர அடிக்கு உதவி பெற்று, ஆசையால் 500 சதுர அடிக்குக் கடைக்கால் போட்டவர், அடுத்த கட்டத்தை எட்டுவதற்கு வெளியிற் கடன் வாங்குகிறார். மரவள்ளி விலை சரிந்த வருஷத்தில் வட்டி நின்று, மிளகுக் கொடியோடு நிலமும் ஒத்திக்குப் போகிறது. சுவர் மாத்திரம் எழுந்து தளமின்றிப் பாசி படிந்து நிற்கும் வீட்டுக்குப் பின்னால் அநேகமாக இந்தக் கணக்கே இருக்கும். ஆகையால், கடைக்கால் போடுமுன் அங்கத்தினர் தம் அளவுப் படத்தைச் சங்கத்திற் காட்டி, பஞ்சாயத்தார் இருவர் நேரிற் சென்று நூல் பிடித்துப் பார்த்த பிறகே சங்கக் கடன் வழங்குவது என்று நிர்வாகக் கமிட்டியில் ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம்.

மூங்கிலைத் தை, மாசி மாதங்களில் வெட்டி ஊறவைத்துக்கொள்ளவேண்டும். கல் வரிசையும் வடிகாலும் பங்குனிக்குள் முடிதல் நன்று. மண் பூச்சு மெல்ல உலரச் சித்திரை முழுதும் தேவை. ஓடு ஏற்றும் வேலையை வைகாசிக்குள் முடித்தால், ஆடிச் சாரல் தொடங்கும்போது எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, ஐப்பசிப் பெருமழைக்குமுன் திருத்திக்கொள்ள அவகாசமிருக்கும்.